சீட்டுக் குலுக்கிய வைத்தியம்

சென்ற சித்திரையில் ஒரு கல்யாணத்தை முன்னிட்டு உடன்குடிக்குப் போயிருந்தேன். அது நான் பிறந்த ஊர். திருச்செந்தூருக்குத் தென்மேற்கே, பனங்காட்டுக்கும் செம்மணல் தேரிக்கும் நடுவில் இருக்கிறது. உடன்குடி என்றதும் வாசகர்களுக்குக் கருப்பட்டிதான் நினைவுக்கு வரும். 2023-ஆம் ஆண்டில் அந்தக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். சித்திரை மாதம் பதநீர் காய்ச்சும் பருவம். ஊருக்குள் கால் வைத்ததுமே பாகு கொதிக்கும் வாசனை வந்து மூக்கைத் தொட்டது. அந்த வாசனை பட்டதும் எனக்கு எண்பது வயது என்பது மறந்துவிட்டது.

கல்யாணக் கூட்டமெல்லாம் கலைந்த மறுநாள் மாலை. அக்காவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருக்கிறாள். கண் பார்வை மங்கியிருக்கிறது. காதும் வாயும் மங்கவில்லை. அவளுடைய பேத்தி டாக்டருக்குப் படித்தவள். சென்னையில் ஓர் ஆராய்ச்சி மருத்துவமனையில் வேலை. சாதாரண மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு இரண்டு விதமான மருந்து முறைகளைக் கொடுத்து, எது மேலானது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை அது. பேத்தியின் வேலை என்னவென்று அக்கா விசாரித்தாள். அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“ஏட்டி, ரெண்டு மருந்து இருக்குங்கியே, யாருக்கு எதுன்னு எப்படி முடிவு பண்ணுவீக? நோவு கூடுனவனுக்குப் புது மருந்தா?”

“அதை நாங்க முடிவு பண்ணக் கூடாது, ஆச்சி. சீட்டுக் குலுக்குற மாதிரி கம்ப்யூட்டரே எடுத்துக் குடுக்கும். அதுல என்ன வருதோ, அந்த மருந்து.”

அக்கா கையிலிருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“சீட்டா? மனுச உசுரை வச்சா சீட்டுக் குலுக்குதீக?” என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “தம்பி, கேட்டியா இந்தக் கூத்தை? இதுக்கா இவளை அம்புட்டுச் செலவழிச்சுப் படிக்க வச்சோம்?”

பேத்தியின் முகம் சுருங்கிவிட்டது. நான் ஏதாவது சொல்வேன் என்று இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சட்டென்று விடை தோன்றவில்லை. கதை எழுதுகிறவன் தன் பாத்திரங்களில் எவன் பிழைக்க வேண்டும், எவன் சாக வேண்டும் என்று இஷ்டப்படி தீர்மானிக்கலாம். உயிருள்ள நோயாளிக்கு அப்படிச் செய்ய முடியுமா? அதையும் சீட்டின் கையில் விட்டுவிடலாமா? ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அக்காவின் கோபத்துக்குக் காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அத்தானுக்கு ஒரு கருப்பட்டி மண்டியில் கணக்கெழுதும் வேலை. 1954-ஆம் வருஷக் கடைசியில் அவருக்கு இருமல் பிடித்தது. மாலை நேரத்தில் காய்ச்சல் வரும். இரவில் வேர்த்துக் கொட்டும். ஒரு நாள் துண்டில் ரத்தம் தெரிந்தது. அந்த நாளில் வீட்டில் அந்த நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ‘அந்தக் காயலா’ என்பார்கள். நான் அப்போது சின்னப் பையன். அத்தானுடைய தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்ததும், என்னை அந்த அறைக்குள் விடாததும் நன்றாக நினைவிருக்கிறது. ஆட்டுப்பால், முட்டை, ஓய்வு என்று பலரும் பல யோசனை சொன்னார்கள். அக்காவின் சங்கிலியை விற்று ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார்கள். முதல் சில வாரங்களில் காய்ச்சல் விட்டது, பசி எடுத்தது, அத்தான் திண்ணைக்கு வந்து உட்கார்ந்து என்னோடு பல்லாங்குழிகூட ஆடினார். பிறகு பணம் தீர்ந்தது, ஊசியும் நின்றது, காய்ச்சல் திரும்பி வந்தது. ஒரு சானட்டோரியத்தில் இடம் கேட்டு எழுதிப் போட்டிருந்தார்கள். தபால்காரர் வரும் நேரமெல்லாம் அக்கா கைக்குழந்தையோடு வாசலில் நிற்பாள்.

1955-ஆம் ஆண்டு ஐப்பசியில் அத்தான் இறந்து போனார். அக்காவுக்கு அப்போது வயது பத்தொன்பது. படுக்கை காலியாக இருக்கிறது, நோயாளியை அழைத்து வரலாம் என்ற கடிதம் மூன்று வாரம் கழித்து வந்து சேர்ந்தது.

அந்தக் கடிதத்தை அக்கா இன்றும் வைத்திருக்கிறாள். எழுபது வருஷமாக அவள் மனத்தில் ஒரே ஒரு நம்பிக்கைதான். அந்தப் படுக்கை நேரத்தில் கிடைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். யாரோ முந்திக்கொண்டான், இவர் பிந்திவிட்டார். அதிர்ஷ்டம் ஓர் உயிரை எப்படி விழுங்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவள் அவள். அவளிடம் போய்ச் சீட்டு என்று சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்?

இனி, நம் மாகாணத் தலைநகரிலேயே அந்த நாளில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும்.

காசநோய்க்கு ஓய்வும் நல்ல காற்றும் சத்துள்ள உணவும்தான் மருந்து என்று உலகம் நூறு வருஷ காலம் நம்பி வந்தது. அதற்காகவே மலைமேலும் ஊருக்கு வெளியேயும் சானட்டோரியங்கள் எழுந்தன. டாக்டர் முத்து 1928-இல் தாம்பரத்துக்கு அருகே தொடங்கியதும் அப்படிப்பட்ட ஒன்றுதான். ஐந்தாம் பத்தாண்டில் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ் என்னும் இரண்டு மருந்துகள் வந்தன. 1952-இல் ஐசோநியாஸிட் வந்தது. இதில் ஒரு விந்தை உண்டு. ஐசோநியாஸிட் 1912-லேயே பிராக் நகரில் இரண்டு ரசாயன ஆராய்ச்சியாளர்கள் தயாரித்த பொருள். அது காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நாற்பது வருஷம் அது ஆய்வுக் கட்டுரையில் ஒரு பெயராக மட்டும் கிடந்தது. அந்த நாற்பது வருஷத்தில் மாண்டவர்களை யார் எண்ண முடியும்?

மருந்து வந்த பிறகும் நோயாளியை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பதே வைத்தியர்களின் கொள்கையாக இருந்தது. நம் தேசத்தில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில். படுக்கை கட்டித் தீராது. அப்படியானால் மருந்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன? ‘ஐயோ, ஒண்டுக் குடித்தனத்தில், கஞ்சி குடிக்கிறவனுக்கு, வேலைக்குப் போகிறவனுக்கு நோய் தீருமா? வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் அல்லவா ஒட்டிக்கொள்ளும்?’ என்பது ஒரு கட்சி. ‘வேறு வழி இல்லையே’ என்பது மறு கட்சி. இரண்டு பக்கத்திலும் பெரிய டாக்டர்கள் இருந்தார்கள். இரு கட்சிக்கும் ஆதாரம் கிடையாது.

இந்த வழக்கைத் தீர்க்கத்தான் 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசாங்கம், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நாலு பேரும் கூடி நடத்தியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில டாக்டர் அங்கே தலைமை வகித்தார். சென்னை நகரத்து ஏழை நோயாளிகளில் 193 பேரைத் தேர்ந்தார்கள். பெரும்பாலோருக்கு நோய் முற்றியிருந்தது. யார் சானட்டோரியத்துக்குப் போவது, யார் வீட்டில் இருப்பது என்பதைச் சீட்டு முறையில் நிர்ணயித்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து: ஐசோநியாஸிட்டும் பாஸும், பன்னிரண்டு மாதம்.

வீட்டில் இருந்தவர்களைச் சும்மா விட்டுவிடவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மீதியிருக்கும் மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். வீட்டிலுள்ளவர்களையும் பரிசோதித்து வந்தார்கள்.

முடிவு 1959-இல் வெளியாயிற்று. ஓராண்டின் இறுதியில் நோய் அடங்கியவர்கள் சானட்டோரியத்தில் நூற்றுக்கு 92. வீட்டில் நூற்றுக்கு 86. நல்ல சாப்பாடும் ஓய்வும் தாதிகளின் கவனிப்பும் சேர்ந்து உண்டாக்கிய வித்தியாசம் அவ்வளவுதான். அதைவிட வியப்பு, வீட்டில் இருந்த நோயாளியின் குடும்பத்தாருக்கு மற்றவர்களைக் காட்டிலும் அதிகமாக நோய் தொற்றவில்லை. தொற்ற வேண்டியவர்களுக்கு மருந்து தொடங்குமுன்பே தொற்றியிருந்தது. ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்தபோதும் வீட்டில் குணமானவர்கள் மற்றவர்களுக்குக் குறைந்து போய்விடவில்லை. 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் இந்த அஸ்திவாரத்தின் மேல்தான் எழுந்தது. மேல்நாடுகளில்கூடச் சானட்டோரியங்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. இன்று ‘தாம்பரம் சானட்டோரியம்’ என்பது பெரும்பாலோருக்கு ஒரு ரயில் நிலையத்தின் பெயர்தான்.

கோடிக்கணக்கான ஏழைகளின் திண்ணையே ஆஸ்பத்திரியாகலாம் என்று உலகத்துக்குச் சொன்னது சேத்துப்பட்டு. அதைச் சொல்ல வைத்தது ஒரு சீட்டு.

சரி, நன்மை விளைந்தது என்பதால் செய்த காரியம் நியாயம் ஆகிவிடுமா? ஆகாது. அக்காவின் கேள்வி அப்படியே நிற்கிறது. அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

நம் ஊர்களில் பூக்கட்டிப் பார்க்கும் வழக்கத்தை அறிவீர்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டி, சந்நிதியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அக்காவுக்கு அத்தானைப் பார்த்தபோது எங்கள் அப்பா குலதெய்வக் கோயிலில் பூக்கட்டித்தான் பார்த்தார். வெள்ளைப் பூ வந்தது. கல்யாணம் முடிந்தது. ஆக, உயிரையும் வாழ்வையும் வைத்துச் சீட்டுப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல.

ஆனால், நாம் எப்போது பூக்கட்டுகிறோம்? மாப்பிள்ளை குடிகாரன் என்று தெரிந்தால் யாராவது பூக்கட்டுவார்களா? நமக்குத் தெரியாதபோதுதான் கட்டுகிறோம். நமக்குத் தெரியாது என்று மனமார ஒப்புக்கொண்ட பிறகுதான் குழந்தையைக் கூப்பிடுகிறோம்.

வைத்தியர் குலுக்கும் சீட்டும் அந்த இடத்திலிருந்துதான் புறப்படுகிறது. ஆனால் அதற்கும் பூவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பூ விடையைச் சொல்லிவிடுகிறது. அதோடு கேள்வி முடிந்தது. வைத்தியரின் சீட்டு விடை சொல்வதில்லை. கேள்வியைக் கோணாமல் நிறுத்துகிறது, அவ்வளவே. தேறிவிடுவான் என்று தோன்றும் ஆளைத் தமக்குப் பிடித்த மருந்தின் பக்கம் சேர்க்கும் ஆசை எந்த வைத்தியருக்கும் உண்டு. அது அவருக்கே தெரியாமல் நடக்கும். சீட்டு அவருடைய கையைக் கட்டிப் போடுகிறது. பிறகு ஒரு வருஷம் காத்திருந்து, நோயாளிகளின் நுரையீரலே விடை சொல்லக் கேட்க வேண்டும்.

‘அவர் அனுபவசாலியாயிற்றே, அவருக்குத் தெரியாதா?’ என்று கேட்கலாம். அனுபவசாலிகள் நூறு வருஷம் மலைக் காற்றை நம்பினார்கள். இன்னோர் உதாரணம். காசநோய்க்கான பி.ஸி.ஜி. தடுப்பூசி பெரியவர்களையும் காக்கும் என்று பலர் உறுதியாக நம்பிய காலத்தில், 1968-இல் செங்கற்பட்டு வட்டாரத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டு ஒரு பெரிய சோதனை தொடங்கியது. சிலருக்கு மெய்யான ஊசி, சிலருக்கு வெறும் ஊசி. பல வருஷம் கழித்து வந்த விடை எல்லாரையும் திடுக்கிட வைத்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. சிறு குழந்தைகளை மூளைக் காய்ச்சல் போன்ற கொடிய வகைகளிலிருந்து காப்பதால் அது இன்றும் போடப்படுகிறது. ஆனால் அந்தப் பெரிய நம்பிக்கை பொய்த்தது. உறுதியாக நம்புவது வேறு, அறிந்திருப்பது வேறு. இந்த இரண்டையும் நாம் ஓயாமல் குழப்பிக்கொள்கிறோம். வைத்தியத்தில் மட்டுமா? குடும்பத்திலும் அரசியலிலும் அதேதான்.

எனினும், இதைச் சொல்லி அக்காவை மடக்கிவிட முடியாது. இந்த முறையின் பெயரால் மனம் கூசும் காரியங்களும் நடந்திருக்கின்றன.

இந்த வகைச் சோதனைக்கு முன்மாதிரியாக விளங்குவது 1948-இல் வெளியான பிரிட்டிஷ் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை. அதை வகுத்தவர்களில் முக்கியமானவர் ஆஸ்டின் பிராட்ஃபர்டு ஹில் என்ற புள்ளிவிவர நிபுணர். 107 நோயாளிகள். உறையிட்ட சீட்டின்படி 55 பேருக்கு ஊசியும் ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்துக்குள் ஊசி போட்டவர்களில் 4 பேரும் போடாதவர்களில் 14 பேரும் இறந்தார்கள். அந்த 52 பேருக்கும் தாங்கள் ஒரு சோதனையில் இருப்பதே தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை.

இதை எப்படி எடை போடுவது? தேசத்திலேயே மருந்து கொஞ்சம்தான் இருந்தது. எல்லாருக்கும் கொடுக்க வழியில்லை. கொடுக்கக்கூடியவர்களைச் செல்வாக்குப் பார்த்துத் தேர்வதைவிடச் சீட்டுப் பார்த்துத் தேர்வது நியாயம் என்று அவர்கள் வாதித்தார்கள். அந்த வாதத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். மருந்து நல்லதுதான் என்ற எண்ணமும் அன்று வெறும் ஊகமே. ஆனால் அந்த 52 பேரிடம் சொல்லாமல் மறைத்ததை ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. ‘எங்களுக்குத் தெரியாது’ என்று வைத்தியர் தமக்குள் ஒப்புக்கொள்வது பாதி நேர்மைதான். அதை நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொன்னால்தான் முழு நேர்மை. சொன்ன பிறகு, ‘சரி, நான் வருகிறேன்’ என்றோ ‘வேண்டாம், சாமி’ என்றோ நோயாளி சொல்லட்டும். 1964-இல் ஹெல்சிங்கியில் கூடிய உலக வைத்தியர்கள் இதை ஒரு கோட்பாடாக வகுத்தார்கள். நம் தேசத்தில் 2019-இல் வந்த விதிகள், நெறிக்குழுவின் அனுமதி வேண்டும், நோயாளியின் சம்மதம் வேண்டும், சோதனையால் தீங்கு நேர்ந்தால் நஷ்டஈடு தர வேண்டும் என்று சொல்கின்றன. கைநாட்டு வைக்கும் ஒரு பனையேறிக்கு நாலு பக்கத் தாளைப் படித்துக் காட்டிவிட்டால் சம்மதம் ஆகிவிடுமா என்பது வேறு கேள்வி. அதைச் சட்டத்தால் தீர்க்க முடியாது. படித்துக் காட்டுகிற டாக்டரின் பொறுமைதான் அதைத் தீர்க்க வேண்டும்.

அந்தச் சோதனையின் கதை ஆறு மாதத்தோடு முடிந்துவிடவில்லை. ஊசி போட்டவர்கள் பலருடைய உடம்பில் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது. ஐந்து வருஷம் கழித்துக் கணக்கெடுத்தபோது இரண்டு பக்கத்திலும் பாதிக்கு மேல் இறந்திருந்தார்கள். ஒற்றை மருந்து முதலில் தேற்றும், பிறகு கைவிடும் என்ற பாடம் அங்கே கிடைத்தது. அதனால்தான் ஸ்ட்ரெப்டோமைசினோடு பாஸையும் சேர்த்துக் கொடுத்துச் சோதித்தார்கள். சேர்த்துக் கொடுத்தால் கிருமி எளிதில் பழகாது என்பது 1950-லேயே வெளியாகிவிட்டது.

இந்த வருஷத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 1950. என் அத்தானுக்கு ஊசி போட்டது 1955. ஒற்றை ஊசி. முதலில் தேறினார், திண்ணையில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடினார், பிறகு போய்விட்டார். அவருடைய மரணம் ஐந்து வருஷத்துக்கு முன்பே லண்டனில் அச்சாகியிருந்தது. அதைத் தவிர்க்கும் வழியும் கூடவே அச்சாகியிருந்தது. அந்தக் காகிதம் உடன்குடிக்கு வந்து சேரவில்லை.

நான் இந்த விஷயத்தில் கண்ட தர்மம் இவ்வளவுதான். தெரியாத காலத்தில் சீட்டுக் குலுக்குவது பாவமல்ல. தெரிந்ததுபோல் நடிப்பதுதான் பாவம். தெரிந்த மறுகணம் சீட்டை நிறுத்திவிட வேண்டும்; அதன் பிறகும் குலுக்கினால் அது குற்றம். தெரிந்ததை உரியவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்காமல் இருப்பது எல்லாவற்றிலும் பெரிய குற்றம். ஆனால் அதற்குக் கோர்ட்டும் இல்லை. குற்றவாளிக் கூண்டும் இல்லை.

திண்ணைக்குத் திரும்புகிறேன். அன்று மாலை நான் இவ்வளவும் யோசித்திருக்கவில்லை. பேத்திதான் பேசினாள். சேத்துப்பட்டுச் சோதனையை அவள்தான் ஆச்சிக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னாள். அண்மைக் காலத்துச் சங்கதி ஒன்றையும் சொன்னாள். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு ஒரு புதிய ஆறு மாத முறையைத் தென்னாப்பிரிக்கா, உஸ்பெகிஸ்தான், பெலாரஸ் ஆகிய நாடுகளில் சோதித்து வந்தார்களாம். 2021-இல், நடுவிலேயே கணக்கைப் பார்த்த மேற்பார்வைக் குழு, புதியது மேல் என்று தெரிந்துவிட்டது, இனி யாரையும் சீட்டில் சேர்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டதாம். “தெரிஞ்சதும் நிறுத்திட்டாங்க, ஆச்சி. அதுக்குன்னே தனியா ஆள் வச்சிருப்போம்” என்றாள்.

அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள்.

“அப்போ, வீட்டுல வச்சே மாத்திரை குடுத்துத் தேறிருக்காகன்னு சொல்லுதியே. ஒங்க தாத்தாவுக்கு அந்தப் படுக்கை கெடச்சிருந்தா?”

எழுபது வருஷமாகக் காத்து வந்த கடிதம் அது. ‘கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார், அக்கா’ என்று சொல்ல என் நாக்குத் துடித்தது. அந்த ஒரு பொய்யால் யாருக்கு என்ன நஷ்டம்? அவள் இனி எத்தனை நாள் இருக்கப் போகிறாள்? நான் கதைக்காரன், அந்தப் பொய்யை அழகாகவே சொல்லியிருப்பேன்.

பேத்தி முந்திக்கொண்டாள். ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னாள். “படுக்கை முக்கியமில்லை, ஆச்சி. ரெண்டு மருந்தைச் சேத்து ஒரு வருசம் விடாம குடுத்திருந்தா, இதே திண்ணையில வச்சே தேறியிருப்பாருன்னுதான் நெனைக்கேன். உறுதியாச் சொல்ல முடியாது. நூத்துக்கு நூறு பேரும் தேறலையே.”

உறுதியாகச் சொல்ல முடியாது! அந்த இடத்தில்கூட அவளால் இல்லாத உறுதியைக் காட்ட முடியவில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் அது அவளுடைய தொழில் கற்றுக் கொடுத்த மரியாதை என்று புரிந்தது. மூன்று வாரம் பிந்தி வந்த கடிதத்தின் மேல் ஓர் ஆயுள் முழுவதும் கோபப்பட்ட கிழவிக்கு உண்மையைத் தாங்கும் சக்தி இருக்கிறது என்று அவள் நம்பினாள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அக்காவை நான் அழ வேண்டியவளாகவே எண்ணிப் பழகிவிட்டேன்.

அக்கா அழவில்லை. முற்றத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்குப் பொடி போடும் ஓசைக்குப் பேச்சுக் குரல்கள் துணையாயிருந்தன.

“அந்தக் கடுதாசி மேல பட்ட கோவமெல்லாம் வீணாப்போச்சு” என்றாள். பிறகு பேத்தியின் பக்கம் திரும்பினாள். “சரிட்டி. நீங்க சீட்டுப் போடுங்க. தெரியாதுன்னு சொல்லிப்புட்டுப் போடுங்க. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. இதுதான் நல்ல மருந்துன்னு ஒங்களுக்குத் தெரிஞ்ச பொறவு, அது உடன்குடிக்கு வந்து சேர எம்புட்டு நாள் ஆகும்?”

“சீக்கிரம் வந்துரும், ஆச்சி.”

“சீக்கிரம்னா?”

பேத்தி பதில் சொல்லவில்லை. பெடாகுவிலின் என்ற மருந்தை அமெரிக்காவில் 2012-இல் அனுமதித்தார்கள். 2016-இல்தான் நம் தேசத்தில் ஆறே ஆறு இடங்களில் கொடுக்கத் தொடங்கினார்கள். 2021-இல் மேலானது என்று தெரிந்த அந்த ஆறு மாத முறைக்கு இங்கே அனுமதி கிடைத்தது 2024-இல். இந்த வருஷங்கள் அவளுக்கு மனப்பாடம். அவற்றைத்தான் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

அக்கா தம்ளரை எடுத்து, ஆறிப்போன காப்பியைக் குடித்து முடித்தாள். கருப்பட்டிக் காப்பி. ஆறினாலும் இனிப்புக் குறையாது என்பாள் எப்போதும். அன்று அதைச் சொல்லவில்லை.